15 புஷ்ஷுக்கு என்ன கூலி? பர்ச்சேஸ் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோவையைச் சுற்றியுள்ள பம்ப், மோட்டார், டெக்ஸ்டைல் மெஷினரி கம்பெனிகளில் கூலிக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் எங்களைப் போன்ற ஜாப் ஆர்டர்காரர்களுக்கு ரேட் போடுகிற எல்லோருக்கும் இந்தக் கடிதம். எந்தக் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் அடுத்த ஆர்டர் வராது என்பது ஒரு காரணம். ஏறக்குறைய எல்லோருமே ஒரே மாதிரிதான் ரேட் போடுகிறீர்கள் என்பது இன்னொரு காரணம்.

கோவை கணபதியில் மூன்று மெஷின் ஓடும் பட்டறை என்னுடையது. அப்பா காலத்து லேத் (ஆள் கையால் ஓட்டும் கடைசல் மெஷின்) ஒன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேத் ஒன்று, மூன்று வருசத்துக்கு முன்னால் கடன் போட்டு இறக்கிய, கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் தானாகக் கடையும் சிஎன்சி ஒன்று.

போன மாதம் உங்களில் ஒருவர் போன் செய்தார். "ஏனுங்க, சிஎன்சி வாங்கி மூணு வருசம் ஆச்சு. இன்னும் லேத் ரேட்டையே கேக்கறீங்களே?" கோபத்தில் கேட்கவில்லை. நிசமாகவே புரியாமல்தான் கேட்டார். "இல்லீங்க சார், கட்டுபடி ஆகாதுங்க" என்று இழுத்தேனே தவிர, எனக்கும் அப்போது ஒழுங்கான பதில் வரவில்லை. பொழுதோட பட்டறையைச் சாத்திவிட்டு வந்து, பையனின் பழைய கணக்கு நோட்டில் ஏன் கட்டுபடி ஆகாது என்று எழுதிப் பார்த்தேன். இருபது வருசமாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கே அதில் சில விசயம் புதுசாக இருந்தது.

அவர் கேட்ட பீஸ் ஒரு சாதாரண புஷ், ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் குழாய் மாதிரி பாகம். இஎன்8 இரும்பு, வெளிவிட்டம் 42 மில்லிமீட்டர், துளை 25 எச்7. அதாவது 21 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளை நிற்க வேண்டும், வெளியே ஒரு படி, இரண்டு பக்கமும் சேம்ஃபர் (விளிம்பைச் சாய்வாகச் சீவுவது), அவ்வளவுதான். மெட்டீரியல் கம்பெனியுடையது, கூலி மட்டும் எனக்கு. "வருசத்துக்கு 600 பீஸ்" என்று என்கொயரியில் போட்டிருந்தது. சிஎன்சியில் மாட்டிக் கழற்றும் நேரமும் சேர்த்து பீஸுக்கு மூன்றரை நிமிசம். உங்கள் ரேட் ஷீட்டில் சிஎன்சிக்கு மணி ரேட் 350. பெருக்கினால் 20 ரூபாய் 42 காசு. பெருந்தன்மையாக 22 போட்டுக் கொடுத்தார்கள். நானும் 600 பீஸ் ஆச்சே என்று தலையாட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து டெலிவரி சலானோடு மெட்டீரியல் வந்தது. எண்ணிப் பார்த்தால் 15 பீஸ்.

இதில் எனக்கு ஆவதென்ன என்பதற்கு முதலில் மெஷினின் மணிக் கணக்கைப் போட வேண்டும். சிஎன்சிக்கு எல்லாம் சேர்த்து 20 லட்சம் ஆனது. 5 லட்சம் கைக்காசு, 15 லட்சம் பேங்க் லோன். ஐந்து வருசத்துக்கு மாதத் தவணை 32,000 சொச்சம். ஆபரேட்டர் சம்பளம் 20,000. கரண்ட் 9,000. வாடகையில் அந்த மெஷின் பங்கு 6,000. ஆயில், சர்வீஸ், ஸ்டெபிலைசர், கம்ப்ரசர் என்று 5,000. ஆக 72,000. என் சம்பளமோ, கைக்காசு 5 லட்சத்துக்கு வட்டியோ இதில் இல்லை. மாதத்தில் 25 நாள், எட்டு மணி நேரம் என்றால் 200 மணி. கரண்ட் போவது, மெட்டீரியலுக்குக் காத்திருப்பது, பண்டிகை, கல்யாணம், எழவு எல்லாம் கழித்தால் 180 மணி நேரம் வேலைக்குக் கிடைக்கும். மணிக்கு 400 ரூபாய் அடக்கம் வருகிறது.

உங்கள் 350 எங்கிருந்து வந்தது என்பதும் இதில் தெரிந்தது. இதே மெஷினை இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் தவணையும் வாடகையும் ஏறாது. சம்பளம் 40,000, கரண்ட் 17,000, பராமரிப்பு 8,000 என்று வைத்தாலும் மொத்தம் 1,03,000தான். 360 மணிக்கு வகுத்தால் 286. அந்தக் கணக்கில் 350 என்பது லாபத்தோடு சேர்ந்த நல்ல ரேட். ராத்திரியும் பகலும் வேலை நிரம்பி வழிகிற பெரிய பட்டறையைப் பார்த்து எழுதின எண் அது. தப்பில்லை. ஆனால் 15, 15ஆக வேலை வருகிற பட்டறையில் ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் வைத்து எதை ஓட்டுவது?

கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. லேத்தில் மோட்டார் 3 எச்பி. சுற்றும்போது இழுக்கும், நிறுத்தினால் நிற்கும். சிஎன்சியில் ஹைட்ராலிக், லூப்ரிகேஷன், பேனல் ஏசி எல்லாம் சும்மா இருக்கும்போதும் மீட்டரை ஓட்டிக்கொண்டிருக்கும். அதை மாட்டுவதற்காகவே நான் மின் இணைப்பின் லோடைக் கூட்ட வேண்டி வந்தது. 2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றியபோது நிலைக்கட்டணமும் ஏறியது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும். அது உங்கள் கையில் இல்லை, தெரியும். மணி ரேட்டில் ஒளிந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

லேத்துக்கு வருவோம். டர்னர் அண்ணனுக்கு 24,000. அவர் சிஎன்சி ஆபரேட்டரை விட எச்சாக வாங்குகிறார், வாங்க வேண்டியவர்தான். கரண்ட் 2,500, வாடகைப் பங்கு 4,000, பராமரிப்பு 1,500, நாளைக்கு வேறு லேத் வாங்க எடுத்துவைப்பது 3,000. மொத்தம் 35,000. 170 மணிக்கு வகுத்தால் மணிக்கு 206 ரூபாய்.

இதே புஷ் லேத்தில் 14 நிமிசம் பிடிக்கும். 48 ரூபாய், டூலுக்கு 2 ரூபாய் சேர்த்து 50. சிஎன்சியில் மூன்றரை நிமிசத்துக்கு 23 ரூபாய் 33 காசு, இன்சர்ட் (டூலில் மாட்டும் சீவு முனை) தேய்மானம் சேர்த்து 25. சரிபாதி. உங்கள் ஷீட் இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. எங்கள் வேலை இதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் பெயர் செட்டிங்.

லேத்தில் செட்டிங் என்றால் டர்னர் டிராயிங்கை ஒரு தடவை பார்ப்பார், டீயை முடிப்பார், டூலை மாட்டி சென்டர் பார்ப்பார். 20 நிமிசம், 70 ரூபாய். சிஎன்சியில் அப்படி முடியாது. ப்ரோக்ராம் எழுத வேண்டும். பீஸைப் பிடிக்கும் சாஃப்ட் ஜாவை மாட்டி, இந்த விட்டத்துக்கு போரிங் எடுக்க வேண்டும். ஒவ்வொரு டூலையும் தொட்டு, அதன் முனை நிற்கும் இடத்தின் அளவை, ஆஃப்செட்டை, பிடிக்க வேண்டும். பீஸ் இல்லாமல் வெறுமனே ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, அப்புறம் சிங்கிள் ப்ளாக்கில் வரி வரியாக முதல் பீஸை எடுத்து, அளந்து, திருத்தி, மறுபடி அளக்க வேண்டும். இரண்டாவது பக்கத்துக்கும் இதே பாடு. புது பீஸுக்கு இரண்டரை மணி நேரம், ஆயிரம் ரூபாய். அத்தனையும் முடியும்போது கையில் ஒரே ஒரு புஷ் இருக்கும்.

"செட்டிங்கைக் கொஞ்சம் வேகமாப் பண்ணுங்க" என்று சொல்வீர்கள். பண்ணினோம். போன வருசம் ஒரு நாள் அவசர வேலை, வெடியால ஒன்பது மணிக்கு வண்டி வந்து நிற்கும் என்றார்கள். முந்தின பீஸின் ஆஃப்செட்டை மாற்றாமல் ஆபரேட்டர் பையன் பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டான். டூல் மாட்டியிருக்கும் டரெட் நேராகப் போய், பீஸைப் பிடித்துச் சுற்றும் சக்கில் மோதியது. அந்தச் சத்தம் பக்கத்துப் பட்டறைக்குக் கேட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். சர்வீஸ்காரர் வந்து அலைன்மென்ட் பார்த்து முடிக்க 11 நாள். பில் 1,40,000. அந்த 11 நாளும் தவணை மட்டும் நிற்கவில்லை. அவன் மேல் தப்பு சொல்ல மாட்டேன், அவசரப்படுத்தினது நான். அதிலிருந்து செட்டிங் நேரத்தில் யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை.

இப்போது 15 பீஸுக்குக் கணக்குப் போடுங்கள். சிஎன்சியில் செட்டிங் 1,000, பீஸுக்கு 25 வீதம் 375, ஆக 1,375. ஒரு புஷ்ஷுக்கு 91 ரூபாய் 67 காசு. லேத்தில் செட்டிங் 70, பீஸுக்கு 50 வீதம் 750, ஆக 820. ஒரு புஷ்ஷுக்கு 54 ரூபாய் 67 காசு. நீங்கள் தருவது 22 வீதம் 330. டர்னர் அண்ணனிடம் கொடுத்து லேத்தில்தான் எடுத்தோம். 490 ரூபாய் கைநட்டம். சிஎன்சி வாங்கிய பிறகும் நான் லேத் ரேட் கேட்பதற்கு இதுதான் பதிலுங்க சார்.

எத்தனை பீஸ் வந்தால் சிஎன்சி லாபம்? செட்டிங்கில் 930 ரூபாய் வித்தியாசம், பீஸுக்கு 25 ரூபாய் மிச்சம். 38ஆவது பீஸில் சிஎன்சி லேத்தை முந்துகிறது. 100 பீஸ் என்றால் சிஎன்சியில் 35 ரூபாய், லேத்தில் 50 ரூபாய் 70 காசு. 1,000 பீஸ் என்றால் சிஎன்சியில் 26 ரூபாய். லேத் அப்போதும் 50லேயே நிற்கும், அதற்குக் கீழே இறங்க அதற்குத் தெரியாது. ஒருமுறை எடுத்த பீஸ் மறுபடி வந்தால் ப்ரோக்ராமும் ஜாவும் ரெடியாக இருக்கும், செட்டிங் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்போது 14ஆவது பீஸிலேயே சிஎன்சி முந்திவிடும்.

நோட்டில் நான் இரண்டு தடவை சரிபார்த்தது இதற்கு அடுத்த வரியை. நீங்கள் சொன்ன அதே 600 பீஸை இரண்டு தடவையாக, 300, 300ஆக அனுப்பினால் செட்டிங் 1,000, அப்புறம் 400, பீஸ் கூலி 15,000, மொத்தம் 16,400. ஒரு புஷ் 27 ரூபாய் 33 காசு. அதே 600ஐ 15, 15ஆக நாற்பது தடவை அனுப்பினால் முதல் செட்டிங் 1,000, மீதி 39 தடவைக்கு 15,600, பீஸ் கூலி 15,000, மொத்தம் 31,600. ஒரு புஷ் 52 ரூபாய் 67 காசு. அதே மெஷின், அதே ஆள், அதே இரும்பு. லேத்தில் நாற்பது தடவையாக எடுத்தால் 54 ரூபாய் 67 காசு. பார்த்தீர்களா? 20 லட்சம் போட்டு வாங்கின மெஷின் அப்பா காலத்து லேத்தை விட 2 ரூபாய்தான் மிச்சம் பிடிக்கிறது. மீதியை நாற்பது சலான் தின்றுவிடுகிறது.

ஆகவே எனக்கு வேண்டியது ரேட் ஏற்றம் இல்லை. நீங்கள் அந்த ஷீட்டில் இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும். பீஸ் ரேட் தனி, செட்டிங் சார்ஜ் தனி. ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு தடவை அனுப்பும் மெட்டீரியலுக்கு, ஒரு செட்டிங். 300ஆக அனுப்பினால் உங்களுக்கு அது தெரியவே தெரியாது, பீஸுக்கு ஒரு ரூபாய் மூன்று ரூபாயில் கரைந்துவிடும். 15ஆக அனுப்பினால் பில்லில் பளிச்சென்று தெரியும். பிரித்து அனுப்புவதற்கு என்ன விலை என்று ஆர்டர் போடுகிறவருக்குத் தெரிய வேண்டுமுங்க. இப்போது அந்த விலையை நாங்கள் எங்கள் தவணையிலிருந்து சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். "ஸ்டாக் வைக்கக் கூடாதுன்னு மேல சொல்றாங்க. அசெம்ப்ளிக்கு வாரம் 15தான் வேணும்." சரிங்க. வாரம் 15 வாங்கிக்கொள்ளுங்கள். மெட்டீரியலை மட்டும் 300ஆக அனுப்பிவையுங்கள். ஒரே செட்டிங்கில் எடுத்து, ஆயில் தடவி, என் அலமாரியில் வைத்து வாரம் 15ஆக நானே அனுப்புகிறேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆவது பிரிவில் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பின மெட்டீரியல் திரும்பி வர ஒரு வருசம் அவகாசம் இருக்கிறது. என் அலமாரியில் ஆறு மாதம் இருந்தாலும் உங்களுக்கு வில்லங்கம் வராது. "நடுவில் டிராயிங் ரிவிஷன் மாறினால்?" நல்ல கேள்வி. மாறினால் முடித்த பீஸுக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு ஸ்க்ராப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வருசத்தில் எத்தனை புஷ்ஷுக்கு ரிவிஷன் மாறுகிறது என்று உங்கள் டிசைன் ஆட்களையே கேட்டுப் பாருங்கள்.

(பில் பணம் தாமதமாவதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு 2006ஆம் வருசக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாள் கெடு வைத்திருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, கெடு தாண்டினால் கொடுக்கிற வருசம் வரைக்கும் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்றும் ஆகிவிட்டது. அது தனி ஒப்பாரி.)

உங்கள் ஆடிட் டீம் வரும்போதெல்லாம் ஸ்டாப் வாட்ச்சோடு மெஷின் பக்கத்தில் நின்று "சைக்கிள் டைமில் 20 விநாடி குறைங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதையும் கணக்குப் போட்டேன். அமெரிக்காவில் ஃப்ரெடெரிக் டெய்லர் பல வருசம் இரும்பைச் சீவிச் சீவிப் பார்த்து 1907இல் வெளியிட்ட டூல் ஆயுள் சூத்திரம் ஒன்று உண்டு, பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கார்பைடு டூலுக்கு வழக்கமாகப் போடுகிற 0.25 என்ற எண்ணை வைத்தால், வேகத்தை 20 சதவீதம் கூட்டும்போது முனையின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. என் புஷ்ஷில் சீவுகிற நேரம் 2 நிமிசம் 10 விநாடிதான், மீதி மாட்டுவது, கழற்றுவது, டூல் மாறுவது. வேகத்தைக் கூட்டினால் 22 விநாடி மிச்சம், காசில் 2 ரூபாய் 40 காசு. இன்சர்ட் செலவு 1 ரூபாய் 20 காசு கூடுகிறது. முனை சீக்கிரம் தேய்ந்து, மாற்றி, மறுபடி 21 மைக்ரானுக்குள் அளவு பிடிக்கிற நேரத்தையும் கழித்தால் ஒரு ரூபாய்கூடக் கையில் நிற்காது. ஒரு ரூபாய்க்கு ஆடிட் டீமே கார் எடுத்துக்கொண்டு வருகிறது. லாட்டைச் சேர்த்து அனுப்பினால் மிச்சமாகும் 25 ரூபாய்க்கு ஒரு மெயில் போதும்.

லேத்தையெல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறவர்களுக்கும் ஒரு சேதி. இந்த ஊர் ஒத்தைப் பீஸ் வேலையில் வளர்ந்த ஊர். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்து, பின்னாலேயே வரிசையாக மில்கள் வந்தபோது, உடைந்த ஷாஃப்டையும் தேய்ந்த புஷ்ஷையும் கடைந்து கொடுக்கத்தான் பட்டறைகள் முளைத்தன. முப்பதுகளில் பைக்காரா மின்சாரம் வந்தது, கிணற்றுக்கு பம்ப் வேண்டியிருந்தது, 1937இல் ஜி.டி.நாயுடு இங்கேயே மோட்டார் செய்து காட்டினார். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. திருப்பூரில் ஒரு டையிங் யூனிட்டில் ராத்திரி ஷாஃப்ட் உடைந்தால் வெடியால அதைச் சாக்குப்பையில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். டிராயிங் கிடையாது. பாதி ஷாஃப்ட்தான் டிராயிங். டர்னர் அண்ணன் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, வெர்னியரை வைத்து நாலு அளவைச் சாக்பீஸால் லேத் கவர் மேலேயே எழுதிக்கொண்டு, மத்தியானத்துக்குள் கடைந்து கொடுத்துவிடுவார். அதற்கு சிஎன்சியில் ப்ரோக்ராம் எழுதி முடிப்பதற்குள் சாயத் தொட்டியில் துணி கெட்டுப் போகும்.

வளைவும் டேப்பரும் கலந்த ப்ரொஃபைலை லேத்தில் எடுக்கச் சொன்னால் அதே அண்ணன் கும்பிடு போடுவார். அந்த மாதிரி வடிவத்தில் எண்ணிக்கைக் கணக்கே வேண்டாம், ஐந்து பீஸ் என்றாலும் சிஎன்சிதான். இந்த மெஷின் பிறந்ததே அதற்குத்தானே. 1952இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எண்களால் ஓடும் முதல் மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டியபோது, கையால் பிடிக்க முடியாத விமானப் பாக வளைவுகளுக்காகத்தான் அமெரிக்க விமானப்படை அதற்குக் காசு கொடுத்தது. எண்ணிக்கைக்காக அல்ல.

அண்ணனுக்கு இப்போது 58 வயது. ஐடிஐயில் டர்னர் படிப்பு இரண்டு வருசம். முடித்து வருகிற பையன்கள் முதல் நாளே "அண்ணா, சிஎன்சில போடுங்கண்ணா" என்கிறார்கள். லேத்துக்கு யாரும் நிற்பதில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்த 206 ரூபாய்க் கணக்கு செல்லாது. 15 பீஸ் லாட்டைச் சகித்துக்கொள்ள அதற்கப்புறம் ஊரில் வேறு வழி இருக்காது. ரோசனை பண்ண உங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வருசம் இருக்கிறது.

நோட்டைக் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். என் எண்களில் நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். தவணை, சம்பளம், செட்டிங் நேரம் மாறினால் புது பீஸுக்கான அந்த 38 என்பது 30 ஆகலாம், 50 ஆகலாம். 15 ஆகாது. சந்தேகம் இருப்பவர்கள் ஒரு செட்டிங் நாளன்று பட்டறைக்கு வாருங்கள். ஸ்டாப் வாட்ச்சையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பச்சைப் பட்டனை அமுக்கும்போது போடாமல், பழைய ஜாவைக் கழற்றும்போதே போடுங்கள். டீ என் செலவு.

அந்தப் புஷ்ஷின் இரண்டாவது லாட் நேற்று வந்தது. இந்தத் தடவை 12 பீஸ்.

இப்படிக்கு,
கணபதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஜாப் ஆர்டர்காரன்